நேசையாவுக்கு இடுப்பு பிடித்த கதை

இந்த வருஷ அசனத்தில் ஒரு கரண்டியைக்கூடத் தொடுவதில்லை என்று நேசையா முடிவு கட்டிவிட்டார்.

வேதக்கோயில் அசனம் சாப்பிடுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம். சபையார் ஒன்றுகூடிச் சமைத்து ஊருக்கே சோறு போடுகிற விருந்து, யாராவது அண்டாவைத் தூக்கித்தானே ஆகவேண்டும்! அதுகூடப் போகட்டும். தூக்கச் சொல்லுகிறவன் யார்? ஜோஷுவா. நேசையாவின் மனைவி சாலோமிக்குக் கூடப்பிறந்த தம்பி. அசனக் கமிட்டித் தலைவர் வேறு. "அத்தான், இங்கன வாங்க! அத்தான், அங்கன பிடிங்க! பைய இறக்குங்க அத்தான்!" என்று பாளையங்கோட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி விரட்டுவான். மச்சினன் விரட்டி அத்தான் ஓடுவதா? மனுஷனுக்கு மானம் என்று ஒன்று கிடையாதா?

ஆகவே, அசனத்துக்கு இரண்டு வாரம் இருக்கையிலேயே நேசையாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான பிடிப்பு. உட்கார்ந்தால் "ஆ!" எழுந்தால் "அம்மாடி!" காபி டம்ளரை நீட்டினால் மட்டும் ஒரு சத்தமும் வராது.

"தைலம் தேய்க்கட்டுமா?" என்று கேட்டாள் சாலோமி.

"ஐயோ, தொடாத!"

"டாக்டர்ட்ட போவமா?"

"டாக்டருக்கு என்னத்தளா தெரியும்? ஒரு மாசம் அசையப்பிடாது. அசனம் வேற வருதே, அதை நெனச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு."

"அசனம் கெடக்கட்டும். உங்க உடம்புல்லா முக்கியம்?"

நேசையாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இப்பேர்ப்பட்ட பெண்டாட்டியையா ஏமாற்றுகிறோம் என்று ஒரு நிமிஷம் வருந்தினார். ஒரே நிமிஷம்தான். அப்புறம் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

சனிக்கிழமை காலையில் சாலோமி மெல்ல ஆரம்பித்தாள்.

"கங்கைகொண்டான் போற வழியில, பழைய மில்லுக்குள்ள மெஷின் மியூசியம் தொறந்திருக்காவளாம். போவமா?"

"நடக்க முடியாம கெடக்கவன்ட்ட கேக்குத கேள்வியாளா இது?"

"அங்கன வீல்சேர் உண்டாம். நான் தள்ளுதேன். நீங்க சும்மா பாத்தாப் போதும்."

நேசையாவின் நாக்கு 'வேண்டாம்' என்று சொல்லத்தான் எழுந்தது. ஆனால் மெஷின் என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டதே! பாவம், முப்பது வருஷம் ஒரு நூற்பாலை ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும், இந்தப் பக்கம் இவர் பேனா ஓடும். ஒரு பொத்தானை அமுக்க ஒருவரும் விட்டதில்லை. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், அன்றைக்கும் விடவில்லை.

வீல்சேரில் மகாராஜா மாதிரி உள்ளே போனார். வாசலிலேயே பெரிய போர்டு: 'தொடுங்கள். சுற்றுங்கள். இழுங்கள்.' தொட்டால் அபராதம் போடுகிற மியூசியங்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இது தொடாமல் போனால் கோபித்துக்கொள்ளும் போலிருந்தது.

முதலில் பல்சக்கரம். ஒரு விரலால் தள்ளினார். ஏழெட்டுச் சக்கரங்கள் வரிசையாகச் சுற்றின.

"ஏளா, பாத்தியா!"

"பாத்தேன். வலிக்கலியே?"

"விரலுக்கு என்ன வலி?"

அடுத்தது கையால் சுழற்றுகிற எஞ்சின். உட்கார்ந்தபடி கை எட்டவில்லை. கொஞ்சம் எழுந்தார். கொஞ்சம் என்பது கடைசியில் முழுசாகவே ஆகிவிட்டது. பிஸ்டன் மேலும் கீழும் போகப்போக இவருடைய வாயும் திறந்து மூடியது.

"அது என்னங்க, சைக்கிள் மாதிரி?" என்றாள் சாலோமி, ஒன்றும் தெரியாதவள்போல.

"மிதிச்சா கரண்டு வரும். இப்பம் பாரு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். ஒரு பல்பு எரிந்தது. "இன்னொன்னு எரியாதோ?" என்றாள். எரிந்தது. "மேல ஒண்ணு இருக்கே?" அதுவும் எரிந்தது. அப்புறம் கப்பி நாற்காலி. அதில் உட்கார்ந்து தானே கயிற்றை இழுத்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொண்டார். உச்சியில் தொங்கியபடி, "சாலோமி, என் வெயிட்டு ஒரு பூனைக்குட்டி வெயிட்டுதாம்ளா!" என்று கூவினார். அந்த முகத்தைப் பார்த்தபோது சாலோமிக்கே கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"எனக்குக் காலு கடுக்குங்க," என்றாள்.

"அதுக்கென்ன, இதுல உக்காரு!"

வாசலுக்கு வந்தபோது காவலாளி செந்தில்முருகன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"சார், போகையில நீங்கள்லா வீல்சேர்ல இருந்திய?"

நேசையா குனிந்து பார்த்தார். வீல்சேரில் சாலோமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தாள். தள்ளிக்கொண்டு வந்தது இவர்.

"ஆ!" என்றார் நேசையா.

"எந்தப் பக்கம்?" என்றாள் சாலோமி.

"இடது பக்கம்."

"காலைல வலதுன்னியளே?"

"அது... பரவுது."

"சரிதான், வலியும் நம்ம கூட ஊர் சுத்தக் கெளம்பிட்டு போல," என்று சொன்னதோடு சரி. தப்பித்தோம் என்று நினைத்தார் மனுஷன்.

மறுநாள் கோயில். ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை நடத்துகிற ஐயர், யார் எதற்காகக் காணிக்கை போட்டார்கள் என்ற விவரத்தை வாசித்தார்.

"தன் கணவர் நேசையாவின் இடுப்பில் இப்போது ஒரு வலியும் இல்லாததற்காக, திருமதி சாலோமி செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை."

"ஸ்தோத்திரம்!" என்றது சபை முழுவதும்.

எழுந்து மறுக்கலாம்தான். மறுத்தால், நேற்று சைக்கிள் மிதித்தது யார் என்று கேட்பாளே! அதுவும் கோயிலுக்குள், ஐயர் முன்னால்! சாய்ந்திருந்த நேசையா பையப் பைய நிமிர்ந்தார். முன் பெஞ்சிலிருந்து ஜோஷுவா திரும்பி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

அசனத்தன்று பெரிய சோற்று அண்டாவின் அந்தப் பக்கக் காதைப் பிடிக்க ஜோஷுவா ஆள் போட்டிருந்தான். இந்தக் காது நேசையாவுக்கு.

"அத்தான், தூக்குங்க! பைய! இங்கன!"

இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். சாலோமி மோர் கொண்டுவந்து கொடுத்து, முந்தானையால் அவர் நெற்றி வேர்வையையும் துடைத்துவிட்டாள். ஊரே பார்த்தது. அவருக்கு அது பிடித்தும் இருந்தது.

"ஏளா, ஒண்ணு கேக்கேன், உண்மையைச் சொல்லணும்," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு வலி இல்லேன்னு உனக்கு எப்பத் தெரியும்? பல்சக்கரத்துலயா, சைக்கிள்லயா?"

"அசனத் தேதியைத் தம்பி போன்ல சொன்னான்லா, அப்பமே அவன்ட்ட சொல்லிட்டேன், 'நாளைக்குக் காலைல அத்தானுக்கு இடுப்பு பிடிக்கும்'னு."