ஆவணியில் விழவிருந்த வால் நட்சத்திரம்

காப்பித் தட்டோடு வெளியே வரும்போதே செவ்வந்தி முடிவு செய்திருந்தாள்: இன்றைக்கு வாயைத் திறந்து இந்தச் சம்பந்தத்தை முறித்துவிட வேண்டும். அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி அவள். எம்.எஸ்.சி. இயற்பியலுக்குச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா இருசப்பன் அதைக் காதில் வாங்காமல் களமருதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை வரவழைத்துவிட்டார். எதிர்த்துப் பேசும் பெண்ணை எவன் கட்டுவான்?

வாய்ப்பு தானாகவே வந்தது. மாப்பிள்ளையின் அப்பா காசிநாதன் டம்ளரைத் தொடாமல் பேச்சை இழுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஆவணியில கல்வராயன் மல மேல வால் நட்சத்திரம் வுழுவுதாமே. ஒங்க ஊர்லேர்ந்து வேன்ல நடவுக்கு வந்த பொம்பளைங்க பேசிக்கினு இருந்தாங்க. ஞாயித்துக்கெழம டிவியிலயும் அதே மாரி வால் நட்சத்திரம் வுழுவற சினிமாப் படம் போட்டான். மலையடிவாரத்துல சம்பந்தம் வாணாமேன்னு..."

"படத்தப் பாத்துட்டா பயந்துக்கினு வந்தீங்க?" செவ்வந்தி தட்டை 'ணங்'கென்று வைத்தாள். "ஊரையே அழிக்கிற சைஸ்ல ஒன்னு வந்தா, மாசக்கணக்கா முன்னாடியே கண்டுபுடிச்சிருப்பாங்க."

அம்மா தைலம்மாள் அவள் கையைக் கிள்ளினாள்.

காசிநாதன் நிமிர்ந்தார். "அப்ப ஆவணிக்கு வராதா?"

"வராது!"

கிள்ளு இடுப்புக்கு மாறியது. பொம்பளப் பிள்ளை சபையில் பேசக்கூடாதாம்! செவ்வந்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"படத்துல வாலு பஸ்சு பொகையாட்டம் பின்னாலயே வருது. நெசத்துல அது சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். அப்புறம் அந்தச் சத்தம்! காத்தே இல்லாத எடத்துல சத்தம் எங்கேர்ந்து வரும்?"

உளுந்தூர்பேட்டையில் லாரி டயர் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை அய்யனார் முதன்முறையாக வாயைத் திறந்தான். "ஹீரோ குண்டு வெச்சு ஒடைச்சானே, அது?"

"பாறைய ஒடைச்சா எடை கம்மியாவுமா? அத்தினி துண்டும் நம்ம தலையிலதான் வுழும். தூரத்துல வரும்போதே லேசாத் தள்ளிவுட்டு வழிய மாத்தணும். படம் எடுத்தவனுக்கும் மூளை இல்ல, அத நம்பறவங்களுக்கும் இல்ல!"

காசிநாதன் எழுந்தார். தீர்ந்தது கதை என்று செவ்வந்தி மூச்சு விட்டாள். அவரோ ஆறிய காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"வயித்துல பால வாத்தம்மா! இருசப்பா, ஆவணியிலயே முடிச்சிடலாம்."

"ஒங்களுக்கு மூளை இல்லன்னு சொன்னேங்க!"

"உள்ளதத்தானம்மா சொன்ன!"

"எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம்!"

"வெக்கப்படுதுங்க," என்றார் இருசப்பன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போனார்கள். தைலம்மாள் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள்.

"இன்னா, இன்னும் கிள்ளேன்!" செவ்வந்தி அம்மாவிடம் பாய்ந்தாள். "அவங்கதான் புரளிய நம்புறாங்க. பெத்த பொண்ணு உண்மையச் சொன்னா ஒனக்கு இன்னா வலிக்குது?"

அம்மாவோடு நடவுக்குப் போகும் பக்கத்து வீட்டு ஜெயம்மாள் வாசலிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, ஒன்ன சென்னைக்கு அனுப்பணும்னு நட்டுக்கினே அந்தப் புரளியக் கெளப்பிவுட்டதே ஒங்கம்மாதான்டி, ஒன் படிப்புல அந்தக் கல்லத் திரும்ப வரவைக்க எதுனா வழி இருக்கா?"