முதல் பேட்ச் அப்பா

மதுரையைச் சுற்றி இப்போது வேகமாகப் பெருகிவரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். முதல் பேட்ச் அப்பா. ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிய வருஷமே தன் பிள்ளையை அதில் சேர்த்தவர். சேர்த்ததோடு விட்டாரா? பாடத்திட்டம் வகுத்தது, வாத்தியார்களைப் பொறுக்கியது, காம்பவுண்டுச் சுவருக்குக் கலவை போட்டது எல்லாம் தாம்தான் என்ற நினைப்பு அன்றைக்கே அவருக்குள் குடியேறிவிடும். பிறகு காலி செய்யாது.

திருநகரில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கும் தங்கப்பாண்டி இந்த இனத்தில் அசல் சரக்கு. 'எங்க ஸ்கூல்' என்று ஆரம்பித்தாரானால், வாடகை வீட்டு மாடியில் தமிழ் பாதி, இங்கிலீஷ் பாதி என்று ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் பிறந்தது, முதல் வருஷம் சேர்ந்த ஏழெட்டுப் பிள்ளைகளில் தன் மகள் பவதாரிணியும் ஒருத்தி என்பது, இன்டர்நேஷனலுக்கு ஆதாரமாக ஓர் உலக உருண்டையும் அப்பா மஸ்கட்டில் இருந்த ஒரு பையனும் மட்டுமே இருந்தது, கீழ்வீட்டில் மிளகாய் வறுத்தால் மேலே பாடம் நின்று எல்லாரும் தும்மியது, அப்புறம் திருவாதவூர் பக்கம் இடம் வாங்கி, ஹாஸ்டல் கிடையாது, பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தோடு நாலு மாடி எழுப்பியது வரை சொல்லாமல் விடமாட்டார். "அந்தக் கட்டடத்துக்கு மொத பைப்பு நம்ம கடை பைப்புண்ணே" என்பார். காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அது வரலாற்றில் வராது.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம். கடையில் ஒரே நேரத்தில் மூன்று பேரோடு பேரமும் வம்பும் கேலியுமாக வாய் ஓயாத மனிதர், வீட்டு வாசலில் செருப்போடு நாக்கையும் கழற்றி வைத்துவிடுவார். 'கம்.' 'ஈட்.' 'ஹோம்வொர்க் ஓவர்?' 'குட் நைட்.' கையிருப்பு அவ்வளவுதான்.

"வீட்ல மனுசன் இருக்கானா, ரேடியோ விட்டுவிட்டுப் பாடுதான்னு தெரியல" என்பாள் மனைவி முனீஸ்வரி. அவள் தமிழில்தான் சொல்வாள். சட்டம் அவளிடம் செல்லாது.

பவதாரிணி ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம், பெற்றோர் கூட்டத்தில் தங்கப்பாண்டி எழுந்தார்.

"காலைல தமிழ், மத்தியானம் இங்கிலீஷ்னு வச்சிருக்கீங்க. காலைலதான் மேடம் புள்ளைக்கு மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கு. அம்புட்டையும் தமிழுக்குக் குடுத்துட்டா?"

"மாத்தி வச்சுருவோமா சார்?" என்றார் பிரின்சிபால் திவ்யா.

"மாத்த வேணாம். எடுத்துருங்க. தமிழ் ஒரு பீரியட் போதும்."

பின்வரிசையில் இருந்த தமிழ்ப் பாதி ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பீரியட் என்றால் பாதிப்பேருக்கு வேலை இருக்காது. திவ்யா கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கைதூக்கி முடிவு செய்யட்டும், அதற்கு முன் பிள்ளைகள் பேசட்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் வியாபாரம் நடக்கவில்லை, பிரச்சாரம்தான் நடந்தது. கொட்டாம்பட்டித் தேங்காய் வியாபாரி நல்லகாமன், அந்த வருஷம்தான் மகளை யு.கே.ஜி.யில் விட்டவர், போனில் சொன்னார்: "அண்ணே, எனக்கு இதெல்லாம் புரியாது. நீங்க கை தூக்குனா நானும் தூக்குவேன்." பெரும்பாலோர் அப்படித்தான். முதல் பேட்ச் அல்லவா?

சனிக்கிழமை ஹால் நிரம்பியது. முதலில் எட்டாம் வகுப்பு விக்ரம், நாள் முழுக்க இங்கிலீஷ்தான் வேண்டும் என்று தங்கப்பாண்டியின் கட்சியையே மணிமணியாகப் பேசினான். தமிழில் பேசினான். அதனால் தங்கப்பாண்டி கைதட்டவில்லை.

அடுத்து பவதாரிணி. மைக்கைப் பிடித்தவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள் பாருங்கள், கம்மாய் மடை திறந்த மாதிரி! தங்கப்பாண்டிக்கு அதில் 'ஃபாதர்' என்ற சொல் பிடிபட்டது. 'ஷாப்' பிடிபட்டது. மற்றது எல்லாம் காதோரமாகப் பாய்ந்து போய்விட்டது. என்ன வேகம்! என்ன ஸ்டைல்! கட்டிய ஃபீஸ் கண்ணுக்கு முன்னால் பேசுகிறது. அவள் முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் ஹாலே தட்டியது.

"பவதாரிணி பக்கம் இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் திவ்யா.

தங்கப்பாண்டி இரண்டு கையையும் தூக்கினார். அவர் கையைப் பார்த்து வரிசைவரிசையாகக் கைகள் எழும்பின.

"அப்போ தமிழ்ப் பாதி அப்படியே இருக்கும். எல்லாருக்கும் நன்றி."

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. நல்லகாமன் வந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனச மாத்திக்கிட்டீகளாண்ணே? எனக்கும் உள்ளுக்குள்ள அதான் ஆசை." தமிழ் ஆசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். தப்பு நடந்துபோச்சு, மறுபடி எண்ணுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார் தங்கப்பாண்டி. மேடையிலிருந்து பவதாரிணி அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

காரில் ஏறியதும் மெதுவாகக் கேட்டார். "என்னத்தா பேசுன?"

"புரியலையாப்பா?"

"புரிஞ்சுச்சு. இருந்தாலும் நீ சொல்லு."

"ஒருநா கடைக்கு வந்தேன்ல? நீங்க யார்ட்டயோ கத சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. உள்ள வராம வாசல்லயே நின்னு கேட்டேன். இந்த ஆளு ஏன் நம்ம வீட்டுக்கு வரவே மாட்டேங்கிறாருன்னு இருந்துச்சு. அதச் சொன்னேன்."

ஒத்தக்கடை தாண்டியதும் தங்கப்பாண்டி தொண்டையைச் செருமினார். பிறகு, தண்ணியில்லாத கிணற்றுக்கு மோட்டார் வாங்க வந்து சண்டை போட்டவன் கதையை ஆரம்பித்தார். அவள் விழுந்துவிழுந்து சிரித்தாள். அதிலிருந்து இன்னொரு கதை, அதன் கிளையாக அவன் மச்சான் கதை, மச்சானின் பங்காளி கதை, நடுநடுவே பைப்பு விலை. ரிங் ரோடு முழுக்கக் கதை. கப்பலூர் வந்தும் முடியவில்லை.

"அப்பா."

"என்னத்தா?"

"கொஞ்ச நேரம் இங்கிலீஷ் பேசுங்களேன்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பிடித்து இழுத்து நடுவீட்டில் நிறுத்தி, "அங்கிளுக்கு அந்த இங்கிலீஷ் ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்றது யார்? அது என்ன சொல்லிற்று என்று உங்களுக்கு இன்றுவரை தெரியுமா?