வாஷர் அண்ணன் பார்த்த கச்சேரிகள்

உலகத்திலேயே மெல்லிசைக் கச்சேரியைக் காதால் கேட்காமல் கண்ணால் மட்டுமே பார்த்தவர் எங்கள் வாஷர் அண்ணன் ஒருவர்தான். அதிலும் பாடகியைப் பார்க்க மாட்டார், டிரம்ஸைப் பார்க்க மாட்டார். கிட்டாரில் பெல்ட்டை மாட்ட இரண்டு குமிழ்கள் இருக்குமே, எட்டணா அகலம்கூட இருக்காது, அந்த இரண்டை மட்டும் பார்ப்பார். மேடைக்கு இடப்பக்கம், கீழே நின்று, மூன்று மணி நேரமும்!

ஆவடியில் ஒரு ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு அவருக்கு. செய்து வந்த பொருள் சரியாக இருந்தால் சாக்பீஸால் 'ஓ.கே.' போடுவார், இல்லாவிட்டால் 'ரிஜெக்ட்'. இந்தப் பழக்கத்தை ஃபேக்டரி கேட்டிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. வாங்கிய முருங்கைக்காய்க்கும் ஓ.கே. போட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார் என்று நாங்கள் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பேச்சு. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

என் வாழ்க்கையின் மிகக் கேவலமான நிமிடத்தில்தான் அவர் எனக்கு அறிமுகமானார். நான் அப்போது பாலிடெக்னிக் முதல் வருடம். பாரிவாக்கம் கோயில் திருவிழாவில் எங்கள் குழுவின் முதல் கச்சேரி. பாட்டு சூடு பிடித்ததும் ஒரு துள்ளு துள்ளினேன். நான் மேலே போனேன், கிட்டார் கீழே போனது. குமிழை விட்டு பெல்ட் நழுவியதில் கிட்டாரின் கழுத்து இரண்டு துண்டு. ஜனங்கள் அதையும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒல்லியாக ஒருவர் மேடையேறி வந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்தால், அவர் பெல்ட்டின் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, ஓட்ட இம்மாம் பெருசா கீது, குமிழு பட்டாணி சைஸ்ல கீது. வாஷர் போட மாட்டே?"

"கிட்டாருக்கு வாஷரா, அண்ணே?"

"தண்ணி பைப்புக்கே வாஷர் கீது. கிட்டார் இன்னா பாவம் பண்ச்சி?"

வீட்டில் இன்னொரு கிட்டார் என்ற பேச்சை எடுத்தால் எனக்கே கழுத்து இரண்டாகும். நல்லவேளை, சர்ச் கொயரில் ஒரு கிட்டார் இருந்தது. ஃபாதர் தந்தார். தரும்போதே சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு கீறல் விழட்டும் தம்பி, அதோட சரி. அப்புறம் இந்தப் பக்கம் வராதே." ஆக, என் சங்கீதம் முழுவதும் இரண்டு குமிழில் தொங்கியது. அந்தக் குமிழ்களுக்கு வாஷர் அண்ணன் தாமாகவே பொறுப்பேற்றுக்கொண்டார்.

முதலில் ஒரு பலகையில் அதே மாதிரி இரண்டு குமிழ் அடித்தார். பெல்ட்டை முருங்கை மரத்தில் மாட்டி, பலகையில் ஒரு வாளி தண்ணீரைத் தொங்கவிட்டு ஐம்பது தடவை ஆட்டுவார். 'லோடு டெஸ்ட்'! ஷூ லேஸ் கட்டியது ஏழாவது ஆட்டத்தில் அவிழ்ந்தது. ரிஜெக்ட். சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டது முப்பதில் கிழிந்தது. ரிஜெக்ட். ஹவாய் செருப்பில் வெட்டிய வாஷர் ஐம்பதும் தாங்கியது. ஆனால் அந்த வாரம் எங்கள் பிளாக்கில் நாலு பேர் ஒற்றைச் செருப்போடு நின்றதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

மவுண்ட் ரோடு இசைக்கருவிக் கடைக்கே போய், பெல்ட்டைக் குமிழோடு பூட்டும் ஸ்டீல் லாக் ஒன்று வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்தார். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏண்ணே? ஃபாரின் சரக்காச்சே!"

"உள்ள ஸ்பிரிங்கு கீது நைனா. ஃபாரின்ல ஸ்பிரிங்கு தொய்யாதா இன்னா?"

அதனால் சென்னீர்குப்பம் கல்யாண ரிசப்ஷனுக்கு நட்டு, போல்ட்டில் இறங்கினார். தோளுக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒரு பெல்ட், இரண்டையும் என் முதுகில் சேர்த்து முடுக்கினார். கிட்டார் அசையவே இல்லை. கச்சேரி முடிந்தும் அசையவில்லை. ஸ்பேனரை ஆவடியில் வைத்துவிட்டு வந்திருந்தார். கிட்டாரோடுதான் பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறியவர் யோசிக்காமல் இரண்டு இலை போட்டார்.

"எதுக்குங்க ரெண்டு?"

"அண்ணாத்தே, வந்தவங்க யாரும் பசியோட போவக்கூடாது."

கடைசியில் விடை கிடைத்தது கோலி சோடாவில். ஒரு மத்தியானம் சோடா குடித்துக்கொண்டிருந்தவர் பாட்டிலின் வாய்க்குள்ளேயே பார்த்தபடி நின்றுவிட்டார். கோலியை இறுக்கிப் பிடிக்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும்.

"கேஸயே வெளிய உட மாட்டேங்குது. கிட்டார உடுமா?"

உடைந்த பாட்டில்களிலிருந்து இரண்டு வளையம் எடுத்தார். பெல்ட்டை மாட்டி அதன்மேல் வளையத்தைக் குமிழில் இழுத்துப் போட்டார். இரண்டு வாளி, நூறு ஆட்டம். ஃபாதரின் கிட்டார் முதுகில் சாக்பீஸால் பெரிதாக 'ஓ.கே.' விழுந்தது.

ஆயுத பூஜை. குவார்ட்டர்ஸ் மைதானம். முதல் வரிசையில் ஃபாதர். துள்ளவே கூடாது என்று காலிடம் சொல்லித்தான் ஏறினேன். விசில் கேட்டதும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

'பட்' என்று ஒரு சத்தம். தோள் லேசானது. கிட்டார் மேடை விளிம்பைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். ஃபாதர் எழுந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உடையும் சத்தம் வரவே இல்லை. கண்ணைத் திறந்தால், வாஷர் அண்ணன் மல்லாந்து கிடக்கிறார், நெஞ்சின் மேல் கிட்டார். முழங்கையில் தோல் வழண்டு ரத்தம். படுத்தபடியே இரண்டு குமிழ்களையும் தடவிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஃபாதர், பாருங்கோ! பெல்ட்டு நடுவுல அறுந்து பூட்ச்சி. வாஷரு ரெண்டும் கம்முனு கீது!"

"அண்ணே, கையில ரத்தம்!"

"அத்த உடு. வாஷரப் பாரு."

ஃபாதர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு அந்த முழங்கையைப் பார்த்தார். "கிட்டார் உன்கிட்டயே இருக்கட்டும் தம்பி. ஆனா, இவர் நிக்கிற கச்சேரிக்கு மட்டும் எடுத்துட்டுப் போ."

வாஷர் அண்ணன் அதற்குள் தன் இடுப்பு பெல்ட்டை உருவி, இரு முனையிலும் பேனாக்கத்தியால் ஓட்டை போட்டு, அதே சோடா வளையங்களோடு மாட்டிவிட்டார். மிச்சப் பாட்டுகள் முடியும்வரை ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி, இமைக்காமல் நின்றார்.

அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய் நாளாயிற்று. இப்போது என்னிடம் ஸ்டீல் லாக் போட்ட சொந்த கிட்டார் இருக்கிறது. ஸ்பிரிங் தொய்யவே இல்லை. ஆனாலும் பாட்டு சூடு பிடித்ததும் கண் தானாக இடப்பக்கம் கீழே போகிறது. பேண்ட்டைப் பிடித்தபடி அங்கே யாரும் நிற்பதில்லை. நான் துள்ளுவதில்லை.