பதவிக்கேற்ற பேட்டரி

கடலூரில் கடற்கரைப் பெருவிழா நடத்துவதென்று தீர்மானமானது. விழா என்றால் சிறப்பு விருந்தினர் உண்டு. சிறப்பு விருந்தினர் உண்டென்றால் அவர் தலையில் பூ விழ வேண்டும். பூவை மனிதர்கள் தூவிய காலம் போய்விட்டது. டிரோன் தூவிய காலம் ஒன்று வந்து, அதுவும் போய்விட்டது.

"டிரோனெல்லாம் இப்ப காதுகுத்துக்கே வந்துடுச்சுங்க" என்று மனம் நொந்தார் விழா மேம்பாட்டுச் சிறப்பு அலுவலர் வெங்கட்ராம். "மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு மஞ்சநீராட்டுக்கு மூணு பறந்துச்சாம். நாம அதுக்கு மேல போவ வேணாமா?"

அதற்கு மேலே போகிற பொருள் ஒன்று சிதம்பரத்தில், என் பக்கத்து வீட்டு மாடியில் இருந்தது. ரிமோட்டில் பறக்கும் விமானம். பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். இறக்கையின் நீளத்துக்கு இரண்டு பேர் தலைமாடு கால்மாடாகப் படுக்கலாம். பெட்ரோல் எஞ்சின். உறுமினால் தெருவில் கட்டியிருக்கும் மாடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். அதைச் செய்தவள் தாட்சாயிணி, வங்கியில் வேலை பார்க்கிற பெண். மூன்று வருடமாகச் சம்பளத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அதில் ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி வைத்திருந்தாள். என்னிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று உண்டு. அதில் விமானத்தை ஏற்றிக் கிள்ளைப் பக்கம் ஒரு காலி மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுவோம். யாரோ ஒரு புண்ணியவான் புகார் கொடுக்க, அந்த மைதானத்தில் பறக்க அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. அனுமதி தர வேண்டியவர் அதே வெங்கட்ராம்.

"எங்க விழாவுல பூ தூவுங்க. கிள்ளை மைதானம் ஒங்களுக்குத்தான்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அரசுப் பூவைத் தனியார் பேட்டரி தூவக் கூடாது. பேட்டரியை அலுவலகமே வாங்கிக் கொடுக்கும். அதைத் தேர்வு செய்ய ஒரு குழு.

குழுவில் அலுவலரைத் தவிர கண்காணிப்பாளர் கொளஞ்சியும் கணக்குப் பிரிவு ஜெயராணியும் இருந்தார்கள். விமானத்தை வண்டியில் ஏற்றிப்போன காரணத்தால் நானும் ஓரமாக நின்றேன்.

"பெட்ரோல்ல ஓடுற விமானத்துக்கு பேட்டரி எதுக்கும்மா?" என்று ஆரம்பித்தார் கொளஞ்சி.

தாட்சாயிணி பொறுமையாகச் சொன்னாள். "எஞ்சினுக்கு ஸ்பார்க் குடுக்க சின்னதா ஒண்ணு போதும் சார். அது தனி. நான் கீழேர்ந்து ரிமோட்ல சொல்றத இந்த ரிசீவர் கேட்டு, இறக்கை, வால் எல்லாத்தயும் மோட்டார் வச்சி அசைக்கும். அதுக்குத்தான் பெருசு வேணும். அதுவும் ரெண்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்."

"ஒரே வேலைக்கு ரெண்டா?" ஜெயராணி பேனாவை மூடிவிட்டார். "தணிக்கையில கேப்பாங்க. ஒண்ணு போவட்டும், அப்புறம் இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

"அது ஆகாசத்துல இருக்கறப்ப போவும் மேடம்."

"எங்க போனா என்ன? போனதுக்கு சான்று குடுங்க. மறுநாளே ஃபைல் போடறேன்."

கொளஞ்சி நேரில் ஆய்வு செய்யவேண்டும் என்றார். மூடியைக் கழற்றிக் காட்டினோம். எஞ்சின் உரித்த தேங்காய் அளவில், பளபளவென்று இருந்தது. ரிசீவர் தீப்பெட்டி அளவில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கொளஞ்சிக்கு முப்பது வருட சர்வீஸ். பார்த்த மாத்திரத்தில் யாருக்கு என்ன தகுதி என்று தெரிந்துவிட்டது.

"பெரிய ஆபீசருக்குச் சின்ன ரூமும், வாசல்ல நிக்கறவனுக்குப் பெரிய ரூமும் ஒதுக்குவமா? எஞ்சினுக்குப் பெருசு. இந்தத் தீப்பெட்டிக்குச் சின்னது. அவ்ளோதான்."

"சார், வேலை செய்யறது தீப்பெட்டிதான் சார்."

"வேலை செய்யறத வச்சா இங்க ஒதுக்கறோம்?" என்று உண்மையான வியப்போடு கேட்டார் கொளஞ்சி.

எந்த வகைப் பேட்டரி என்ற பிரச்சினை அடுத்து வந்தது. சூடாகாத, அடங்கி நடக்கிற ஒரு வகையைத் தாட்சாயிணி கேட்டாள். அதில் இரும்பு கலந்திருக்கிறது என்று தெரிந்ததும் வெங்கட்ராம் முகம் சுளித்தார். இரும்பு பழைய பாணியாம். இப்போது எல்லாமே பசுமையாம். கடைசியில் வாங்கிய இரண்டுக்கும் பச்சைத் தாள் சுற்றி, மேலே இலைப் படம் ஒட்டினார்கள். லிட்டர் கணக்கில் பெட்ரோல் குடிக்கும் விமானம் அந்தக் கணமே சுற்றுச்சூழலின் நண்பனாகி, அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியது.

தாட்சாயிணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்து நிமிடம் பறக்க அந்தச் சின்னப் பேட்டரி தாங்கும். "ஆனா சுவிட்ச் போட்டதும் பறந்துடணும் சார். சும்மா வச்சி ஆட்டக் கூடாது."

"யாரும்மா ஆட்டப் போறாங்க?" என்றார் வெங்கட்ராம்.

எல்லோரும் ஆட்டினார்கள். விழா அன்று சிறப்பு விருந்தினர் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நாலுக்கு அவர் வரவில்லை. வேறொரு அதிகாரி குடும்பத்தோடு வந்தார். "இவுங்களுக்கு ஒரு வணக்கம் போடச் சொல்லும்மா" என்றார் வெங்கட்ராம். சுவிட்சைப் போட்டு வாலையும் இறக்கையையும் அசைத்துக் காட்டினாள். கைதட்டினார்கள். அவருக்கு மேலதிகாரி வந்தார். அவருக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக அசைக்க வேண்டியிருந்தது. கீழதிகாரி ஒருவர் வந்து, தனக்கு மட்டும் விமானம் வணக்கம் வைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். அவருக்கும் அசைத்தாள். அவருடைய மாமியார் செல்ஃபி எடுக்க வேண்டுமென்றார். போட்டோ சரியாக விழும்வரை விமானம் மாமியாரைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தது.

இருட்டுவதற்குச் சற்று முன்பு தாட்சாயிணி மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"சார், சார்ஜ் எறங்கிடுச்சு. சார்ஜர் எங்க?"

"சார்ஜருக்குத் தனி டெண்டர்மா. அடுத்த மாசம்."

தன்னுடைய சொந்தப் பேட்டரிகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், பாவம். வெளிப்பொருளுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே பையைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"அப்ப இன்னைக்கு வேணாம் சார். வுழுந்துடும்."

"வேணாம்னா வுட்டுடலாம்மா" என்றார் வெங்கட்ராம் மிகுந்த அன்போடு. "கிள்ளை மைதானத்தயும் வுட்டுடலாம்."

அவள் விமானத்தின் முதுகில் கையை வைத்தாள். "ஒரே ஒரு சுத்து மாமா" என்றாள் என்னிடம். அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் காரின் சைரன் சத்தம் கேட்டது.

எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்தது. பிடிக்காமல் என்ன, அதற்குத்தான் யானைத் தீனி போட்டிருந்தோமே. விமானம் கடற்காற்றை எதிர்த்து எழும்பி, ஒரு சுற்று வந்து, மேற்குப் பார்த்து மேடைக்கு மேலே வந்தது. அவள் ஒரு விசையைத் தட்டினாள். விமானத்தின் வயிற்றில் கட்டியிருந்த பூப்பெட்டி பாதி திறந்து நின்றது. கொஞ்சம் பூ சிறப்பு விருந்தினர் தலையில் விழ, கூட்டம் ஆரவாரித்தது. நானும் இரண்டு கையும் வலிக்கத் தட்டினேன்.

"மாமா, கேக்க மாட்டேங்குது!"

திரும்பிப் பார்த்தேன். ரிமோட்டின் குச்சிகளை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். வால் அசையவில்லை, இறக்கை அசையவில்லை. எஞ்சின் மட்டும் கம்பீரமாக உறுமியபடி, பாதி திறந்த பெட்டியிலிருந்து பூவைச் சிந்திக்கொண்டு நேராகப் போயிற்று. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் குரலை உயர்த்தினார். "யாருடைய கட்டுப்பாடும் இல்லாமல் தானே முன்னேறிச் செல்லும் அதிநவீன விமானம்!" கைதட்டல் இரண்டு மடங்கானது. தாட்சாயிணி மணலில் உட்கார்ந்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் படமெடுத்தார்கள்.

விமானம் பெட்ரோல் தீரும்வரை பறந்து, காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பில் இறங்கியது. ஓர் இறக்கை முறிந்து தொங்கியது.

குழு கூடி விசாரித்தது. எஞ்சினுக்கு ஒதுக்கிய பேட்டரியில் சார்ஜ் ஏறக்குறைய முழுசாக இருந்தது. சேமிப்பு என்று ஜெயராணி அதைப் பாராட்டிக் குறிப்பு எழுதினார். "கடைசி சொட்டு வரைக்கும் எஞ்சின் நிக்கலையே. ஓட்ட ஆளில்லை, அவ்ளோதான். இத்தனை வருஷமா நம்ம ஆபீசு எப்படி ஓடுது?" என்றார் கொளஞ்சி. தேர்வு சரியே என்று முடிவானது.

சொன்னபடி கிள்ளை மைதானத்துக்கு அனுமதியும் வந்தது. வெங்கட்ராமைக் குறை சொல்லக் கூடாது, வாக்குத் தவறாத மனிதர். ஒரே ஒரு நிபந்தனை. காடாம்புலியூர் வரை பறந்து தம் திறமையை மெய்ப்பித்த அதே பேட்டரிகளைத்தான், அதே ஒதுக்கீட்டில், பயன்படுத்த வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? சிதம்பரமே கொதித்தது. பேட்டரிக்காக அல்ல. சிதம்பரத்தில் செய்த விமானம் காடாம்புலியூரில் போய் விழுவதா? அந்த ஊர்க்காரர்கள் முறிந்த இறக்கையோடு நின்று எடுத்த படம் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. எங்கள் தெரு நடனசபாபதி உடனே மனு தயாரித்தார். ஊரில் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டோம். தாட்சாயிணியிடமும் வாங்குவதற்காகக் கூட்டமாக மாடி ஏறினோம்.

தாட்சாயிணி முறிந்த இறக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். மனுவை வாங்கிப் படித்தாள். அடுத்த ஆண்டு விமானம் சிதம்பரத்திலேயே விழுவதற்கு ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தோம்.

"மாமா, ரிசீவருக்குப் பெரிய பேட்டரி ரெண்டு போடச் சொல்லி எழுதுங்க. எங்கயும் வுழாது" என்றாள் என்னைப் பார்த்து.



"வுழாதுன்னா அப்புறம் நம்ம ஊருக்கு என்னம்மா பெருமை?" என்றார் நடனசபாபதி.

மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.