தூசிச் சட்டம்

நான் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. ஒரே ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். அவற்றைப் பல் டாக்டர் அடுத்த வாரம் எப்படியும் பிடுங்கத்தான் போகிறார் என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

என்னிடம் ஒரு மெத்தை நாற்காலி இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவன், நேராகப் போய் அதில் உட்கார்ந்தேன். அப்புறம் சாப்பிட, தூங்க, குளிக்க மட்டும்தான் எழுவது. சாப்பாடு நாற்காலிக்கே வந்துவிடும். தூக்கம் நாற்காலியிலேயே வந்துவிடும். மிச்சம் குளியல்தான். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

"இப்படியே உட்கார்ந்திருந்தால் கால் நடக்கிறதையே மறந்துடும்" என்று டாக்டர் சொன்னார். அதை நான் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டேன்.

ஒருநாள் நாற்காலியின் ஸ்பிரிங் அறுந்தது. சாதாரணமாகவா அறுந்தது? என்னைத் தூக்கி எறிந்த வேகத்தில் நான் மின்விசிறியைப் பிடித்துத் தொங்கி, நாலைந்து சுற்று சுற்றி, அதே நாற்காலியில் வந்து இறங்கினேன். கையில் இருந்த டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. நம்பாதவர்கள் மின்விசிறியைக் கேட்டுக்கொள்ளலாம்.

"ஏம்மா, ஸ்பிரிங் மாத்தணும்" என்றேன்.

"நாற்காலியையே மாத்தணுங்க" என்றாள் என் மனைவி.

"இந்த வீட்டுல எது போனாலும் இது போகக் கூடாது."

"அப்ப வீட்டுச் செலவுல கை வைக்காதீங்க. இந்தக் குப்பைக்குச் சல்லிக்காசு தர மாட்டேன்."

"நீ என்ன தர்றது? நானே சம்பாதிச்சுக்கறேன்."

"உக்காந்துக்கிட்டேவா?"

உட்கார்ந்துகொண்டேதான் யோசித்தேன். நாற்காலியிலிருந்து பார்த்தால் சமையலறை அலமாரி தெரியும். அடேயப்பா! மூடி இல்லாத பாத்திரங்கள், பாத்திரம் இல்லாத மூடிகள், பிடி போன வாணலி, மூக்கு உடைந்த கெண்டி. இந்த வேண்டாத சாமான்களில் பாதியை விற்றால் போதும். ஸ்பிரிங்கோடு மெத்தையும் புதிதாகப் போட்டு, கால் நீட்ட ஒரு பலகையும் வாங்கிவிடலாம்.

திட்டத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"நல்ல யோசனைங்க. ஆனா எது வேண்டாததுன்னு யார் முடிவு பண்றது? நீங்களே ஒரு சட்டம் போட்டுடுங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா."

சட்டம் போடுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆயுசு முழுக்க ஒரு தொழிற்சாலைக் கிடங்கைக் கட்டிக் காத்தவன் நான். அங்கே பழைய சாமானை ஏலம் விடும்போது ஒரே ஒரு சோதனைதான். பொருளின் மேல் விரலை வைத்து இழுப்போம். தூசி ஒட்டினால் யாரும் தொடாத பொருள், ஏலத்துக்குப் போகும். ஒட்டாவிட்டால் கிடங்கிலேயே இருக்கும்.

"விரல்ல தூசி ஒட்டினா வித்துடணும். யாரோட பொருளா இருந்தாலும் சரி. நடுவுல சட்டத்தை மாத்தக் கூடாது" என்று அறிவித்தேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் வியாபாரி தள்ளுவண்டியோடு வந்தார். ஊரில் அவருக்குப் 'பாதிவிலை' என்று பெயர். நாம் என்ன கேட்டாலும் அதில் பாதியைச் சொல்லுவார். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால்கூட இருப்பதில் பாதியைத்தான் சொல்லுவாராம்.

நான் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். அலமாரி பளபளவென்று இருந்தது. வாணலியில் இழுத்தேன். ஒட்டவில்லை. கெண்டியில் இழுத்தேன். ஒட்டவில்லை. மூடியை எடுத்துப் பார்த்தால் அதில் என் முகம் தெரிந்தது. ஏமாந்த முகம்.

"தினமும் துடைக்கிறேனேங்க" என்றாள். "வாங்க, அடுத்த ரூமுக்குப் போவோம்."

அடுத்த அறையான படுக்கையறையில் இருந்தவை என் சாமான்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள், ஆர்மோனியம், தச்சுவேலைப் பெட்டி. சைக்கிள் சீட்டில் விரலை வைத்தேன். இரண்டாவது கணுவரைக்கும் உள்ளே போய்விட்டது. ஆர்மோனியத்தின் மேல் படிந்திருந்த தூசியில் ஒரு செடி முளைத்து மொட்டு விட்டிருந்தது. மறுபடியும் சொல்கிறேன், சத்தியம்.

"உன் சாமானை மட்டும் துடைச்சிருக்கே!"

"என் பொருளை யாரும் தொடக் கூடாதுன்னு கல்யாணமான வாரமே சொன்னீங்களே. இன்னிக்கு வரைக்கும் தொடலை."

பாதிவிலை மூன்றையும் சுற்றி வந்தார். "என்ன விலைங்க ஐயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "என்ன குடுத்தாலும் சரிப்பா, எடுத்துக்கிட்டுப் போ. இனிமே இவரு எங்க மிதிக்கப் போறாரு, எங்க வாசிக்கப் போறாரு? வயசாச்சு."

சுருக்கென்றது.

"யாருக்கு வயசாச்சு? ஒண்ணும் விக்கறதா இல்லை! அடுத்த மாசம் வாய்யா. அப்ப இதுல தூசி இருந்தா சும்மாவே எடுத்துக்கிட்டுப் போ!"

"சும்மா துணியால துடைச்சு ஏமாத்தக் கூடாதுங்க" என்றாள் அவள். "நான் சமைச்சுட்டுத் துடைக்கிறேன். நீங்க மிதிச்சுட்டுத் துடைங்க."

நியாயமாகத்தான் பட்டது. மேலும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது: ஒரு மாதத்தில் அவள் ஒருநாளாவது துடைக்க மறக்காமலா போவாள்? அன்றைக்குக் கெண்டி என் கையில். ஸ்பிரிங் என் நாற்காலியில்.

மறுநாளே மிதிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் முழங்கால் கதவுக் கீல் மாதிரி கிரீச்சிட்டது. இரண்டு வாரத்தில் நான் மிதித்த வேகத்துக்கு, சக்கரமே இல்லாத அந்த சைக்கிள் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது. ஆர்மோனியத்தைத் தொட்ட அன்றைக்கு மாடி வீட்டுத் தையல்காரர் ஓடி வந்தார்.

"அண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?"

"வாசிக்கிறேன் தம்பி."

"அதான் கேக்கறேன், என்ன ஆச்சு?"

அவரே பத்து நாள் கழித்து வந்து, "அண்ணே, அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தடவை" என்று கேட்டார். தச்சுப் பெட்டியையும் திறந்தேன். மூடாத ஜன்னலை மூட வைத்தேன். தையல்காரரின் ஆடுகிற மேஜையை மாடி ஏறிப்போய் ஆடாமல் நிறுத்தினேன். ஏறும்போது படிக்குப் படி பெருமூச்சு விட்டது முதல் வாரம். அப்புறம் பெருமூச்சு கீழேயே நின்றுவிட்டது, நான் மட்டும் மேலே போனேன்.

அவள் ஒருநாள்கூடத் துடைக்க மறக்கவில்லை. தினமும் விரலை நீட்டிப் பார்த்து ஏமாந்து, மறுபடி சைக்கிளுக்குப் போனேன். உட்கார எங்கே நேரம்?

மாதம் முடிந்தது. பாதிவிலை வந்தார். என் சைக்கிள், ஆர்மோனியம், பெட்டி மூன்றையும் தேய்த்துக் காட்டினேன். துளி தூசி இல்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் நேராகக் கூடத்துக்குப் போனாள். என் மெத்தை நாற்காலியின் கைப்பிடியில் விரலை வைத்து இழுத்தாள். அந்த விரலைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே காட்டினாள்.

சாம்பல் நிறத்தில் இருந்தது விரல்.

"இரு இரு! இப்பவே உக்காந்து தேய்ச்சுடறேன்!"

"நடுவுல சட்டத்தை மாத்தக் கூடாதுன்னு நீங்கதாங்க சொன்னீங்க."

போகிறது, நல்ல விலையாவது கேட்போம் என்று பாதிவிலையின் பக்கம் திரும்பினேன்.

"எவ்வளவுய்யா தருவே?"

அவர் நெளிந்தார். "அம்மா அப்பவே முன்பணம் வாங்கிட்டாங்கய்யா. அதுவும் முழு விலைக்கு. அம்மாகிட்ட நம்ம பாதி செல்லாது."

"எப்ப?"

"ஸ்பிரிங் அறுந்த மறுநாளே."

"அப்புறம் ஏன்யா எடுத்துக்கிட்டுப் போகலை?"

"எத்தனை தடவை வந்தேன்! நீங்க எழுந்திரிக்கவே இல்லையேய்யா."

நாற்காலியை வண்டியில் ஏற்றுவதற்கு நானே ஒரு கை கொடுத்தேன். தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வழியனுப்பிவிட்டு, திரும்பி வரும்போதுதான் உறைத்தது: முன்பெல்லாம் வாசல்வரை வருவதற்கே என்னை ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு ஜோடி புதுக் காலணி. என் அளவு. முன்பணத்தில் அப்போதே வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள். போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தெருமுனைவரை போய் வந்தேன். என் காலைத் திருப்பிக் கொடுத்த மகராசியை, அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற நேரம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஊரில் எல்லோரிடமும் நாற்காலியை நானே மனமுவந்து துறந்ததாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கதை உங்களோடு இருக்கட்டும். வாய் தவறி வெளியே வந்துவிட்டால் பாதிவிலை சொன்னார் என்று சொல்லுங்கள், என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். முக்கியமாக, நான் கும்பிட்டது அவள் காதுக்குப் போகக் கூடாது. போனால், அடுத்து கட்டிலுக்கு முன்பணம் வாங்கிவிடுவாள்.