முப்பத்தொன்றாம் தேதித் தண்ணீர்

கோர்ட்டுப் படி ஏறாமலே நீதி பெறலாம் என்ற பேருண்மையைச் சூலூர்ப் பக்கத்துக்கு உணர்த்திய பெருமை, 1957ஆம் வருடத்து அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியையே சாரும்.

வரதராஜுலுவும் அவர் தம்பி நரசிம்மலுவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, கிணறும் மோட்டாரும் பொதுவில் நின்றன. ஒற்றைப்படைத் தேதியில் அண்ணனுக்குத் தண்ணீர், இரட்டைப்படையில் தம்பிக்கு. பதினோரு வருடம் சிக்கலில்லாமல் ஓடியது. பிறகு அந்த முப்பத்தொன்றாம் தேதியன்று நரசிம்மலு காலண்டரைக் கூர்ந்து பார்த்துவிட்டார். முப்பத்தொன்று ஒற்றை, மறுநாள் ஒன்றும் ஒற்றை.

"வருசத்துக்கு ஏழு நாள் திருட்டுத் தண்ணியா அண்ணா?"

"காலண்டரை நானாடா அச்சடிச்சேன்?"

கோர்ட்டுக்குப் போனால் குடும்ப மானம் கோயமுத்தூர்வரை போகும். மத்தியஸ்தத்தில் ஊரோடு நின்றுவிடும். எனவே அண்ணன் தரப்பில் ஓய்வுபெற்ற சப்ரிஜிஸ்திரார் சீனிவாசலுவும், தம்பி தரப்பில் கோட்டைமேட்டுப் பஞ்சு வியாபாரி கலீல் ரஹ்மானும் நியமனம் ஆனார்கள். நான்கு மாதக் கெடு. முதல் உத்தரவு அன்றே பிறந்தது: "தீர்ப்பு வரும்வரை பொதுச்சொத்து எதையும் எவரும் தொடலாகாது." மோட்டார் அறைப் பூட்டின் மேல் சிவப்பு அரக்கு வைக்கப்பட்டது.

சகோதரர்களுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. இருவர் காட்டிலும் சோளம் அறுத்துத் தட்டையைப் போராக அடுக்கியாகிவிட்டது. தண்ணீருக்கு நின்றது வரதராஜுலுவின் மனைவி ரங்கம்மாளின் இரண்டு ஏக்கர் பருத்தி மட்டும். அவள் அப்பா மஞ்சள் குங்குமத்துக்கென்று எழுதிக் கொடுத்த நிலம் அது. அவள் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில். கையெழுத்தில் வந்தது அந்தப் பத்திரத்தில். வேறெங்கும் இல்லை.

முதல் அமர்வில் மோர் கொண்டுவந்தவள், டம்ளரை வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"ஏனுங்க, முப்பத்தொண்ணாந் தேதி காலைல நாங்க, மத்தியானத்துக்கு மேல அவிய எடுத்துக்கிட்டா ஆகாதுங்களா?"

ரஹ்மான் தலையாட்டத் தொடங்கினார். சீனிவாசலு பேனாவை உயர்த்தி அதைத் தடுத்தார்.

"ரோசனை நல்லாத்தானிருக்குது அம்மணி. ஆனா நீங்க கட்சிக்காரர் இல்லீங்களே."

"பருத்தி என்னுதுங்க."

"பருத்தி உங்களுதுங்க. தகராறு உங்களுதில்லீங்களே!"

இவ்வளவு தெளிவாகச் சட்டத்தை யாரும் அவளுக்கு விளக்கியதில்லை. "சரிங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

அமர்வுகள் ஞாயிறுதோறும் நடந்தன. மத்தியஸ்தர்களின் நடுநிலைமை சொல்லில் அடங்காது. அண்ணன் வீட்டில் சாப்பிட்டால் தம்பி வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும். அங்கே இரண்டு அப்பளம் என்றால் இங்கேயும் இரண்டு. இரண்டாவது சாப்பாட்டுக்குப் பின் மாலை பஸ் வரும்வரை நடந்ததை, குறிப்பேடு "கண்மூடி ஆழ்ந்த பரிசீலனை" என்று பதிவு செய்கிறது. டிசம்பர், ஜனவரி ஆகிய இரண்டு முப்பத்தொன்றுகளும் எவ்வித அநீதியும் இன்றிக் கழிந்தன.

மழை ஏமாற்றியது. மாலைகளில் ரங்கம்மாள் வரப்பில் நின்று சுருண்ட இலைகளைப் பார்ப்பாள். ஒருநாள் தனக்குள் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். உள்ளே போகப்போக, எல்லாமே கைகட்டி, "சரிங்க, சரிங்க" என்று நின்றுகொண்டிருந்தன. இத்தனை சரிகளை எப்போது சேர்த்தோம் என்று அவளுக்கே வியப்பாயிருந்தது. திரும்பி வந்தவள், நரசிம்மலுவின் மனைவியான ஓரகத்தி ராமாமணியைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்தாள்.

பிப்ரவரி இருபத்து மூன்று, ஞாயிறு. மணி பதினொன்றரை ஆகியும் தாளிக்கும் வாசனை வரவில்லை. சீனிவாசலு கனைத்தார்.

"ஏனம்மணி, இலை போடலீங்களா?"

"ஆட்டுக்கல்லு எங்க மாமியார் காலத்துதுங்க. இன்னும் பாகமாகலீங்க. பொதுச்சொத்துல்லீங்களா? தெரியாம நாலு மாசம் தொட்டுப்போட்டமுங்க. மன்னிக்கோணும்."

இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடந்த ஆட்டுக்கல்லை அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குழவியின் உச்சியில் சிவப்பாக அரக்கு.

ரஹ்மான் நம்பிக்கையோடு ராமாமணி பக்கம் திரும்பினார். "உங்க ஊட்டுலீங்க?"

"எங்களுக்கும் அதே கல்லுதானுங்க பாய். அம்மியும் அப்படித்தானுங்க" என்ற ராமாமணி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பசி என்னும் மூன்றாவது மத்தியஸ்தர் வந்து அமர்ந்ததும் விசாரணை பேருருக் கொண்டது. வாதம் முடிந்தது, பிரதிவாதம் முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று. மொத்தம் நாற்பது நிமிடம். முப்பத்தொன்றாம் தேதி முற்பகல் அண்ணனுக்கு, பிற்பகல் தம்பிக்கு! நான்கு மாத ஆராய்ச்சியின் பழுத்த கனி. இரு தரப்பும் கண்கலங்கின.

"இது நமக்குத் தோணலியே அண்ணா!"

"படிச்சவங்க படிச்சவங்கதான்டா!"

அரக்கு உடைந்தது. மோட்டார் பாடியது. ரங்கம்மாள் மண்வெட்டியோடு வாய்க்காலின் கூடவே நடந்து, மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பளபளவென்று பாத்திக்குள் நுழைந்து, பருத்தியை எழுப்பிப் பார்த்தது. பருத்திக்குத்தான் மத்தியஸ்தத்தில் நம்பிக்கை இல்லை. கெடுவுக்குக் காத்திராமல், யாரையும் கேட்காமல், ஒருதலைப்பட்சமாகக் காய்ந்து முடிந்திருந்தது. ஒரு செடியைப் பிடித்தாள்; வேரோடு கையில் வந்தது.

வீட்டில் தீர்ப்பின் நகலை வரதராஜுலு மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ரங்கம்மாள் மண் கையோடே எடுத்துக் கடைசி வரியைப் படித்தாள்.

"இவ்விவகாரத்தில் கட்சிக்காரர் எவருக்கும் எவ்வித நஷ்டமும் ஏற்படவில்லை."

இன்னொரு முறை படித்தாள். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள்தான் கட்சிக்காரர் இல்லையே.