மோர் ஊற்றித் தலைவரானேன்

ஓட்டுப் போடும் ஜனங்கள் நல்லவரைத் தேடுவதாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஜெயிக்கிறவரைத்தான் தேடுகிறார்கள். தோற்கிறவருக்குப் போட்டால் ஓட்டு வீணாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு தேர்தலில் ஜெயித்துத் தொலைத்தவன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆட்டோவில் ஏறுகிறவரிடம் "எங்கே போகணும்" என்று கேட்கவே கூச்சம். (அவராகச் சொல்லும்வரை நேராக ஓட்டிக்கொண்டிருப்பேன்.)

மயிலாப்பூர் குளத்துப் பக்கம் எங்கள் ஸ்டாண்டில் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. என் மனைவி செல்வியின் அண்ணன் தாமோதரன் நின்றார். தன் மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று என்னையும் டம்மியாக மனு போட வைத்தார்.

"சும்மா நில்லு மாப்ள. வாயத் தொறக்காத. அது உனுக்கு நல்லா வரும்."

அவர் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வேறு யாரும் நிற்கவில்லை. நான் வாபஸ் வாங்கினால் மச்சான் போட்டியில்லாமல் தலைவர். ஆனால் அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே. போனேன், நின்றேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மச்சான் சிரித்தார். "வுடு, உனுக்கு எவன் போடப்போறான்?"

செல்வி சிரிக்கவில்லை. "எங்கண்ணன் மட்டும் தோக்கட்டும், நீ வூட்டு வாசப்படி ஏறாத" என்றாள்.

அந்த வாரம் அறுபத்து மூவர் திருவிழா. ஓட்டுக்காக மச்சான் மோர்ப்பந்தல் போட்டார். பேச வராதவன் என்று என்னை அண்டா முன்னால் நிறுத்தினார். சாமி பார்க்க வந்த மொத்த மயிலாப்பூரும் என்னைச் சுற்றி நெரிந்தது. யாரோ படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டார்கள்: "நம்ம ஆளுக்கு இன்னா கூட்டம் பாரு."

மறுநாள் ஸ்டாண்டில் என் காதுபடவே பேச்சு.

"யாரு வருவா நைனா?"

"மோர்க்காருதானாம். கூட்டத்தப் பாத்தியா?"

"அப்ப அவருக்கே போட்ருவோம். நம்ம ஓட்டு இன்னாத்துக்கு வேஸ்டா போவணும்?"

அது கபாலி சாமிக்கு வந்த கூட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கத்தில் சிரிப்புதான் வந்தது.

"சிரிக்கிறாரு பாரு. உள்ள எல்லாம் முடிச்சிட்டாரு."

எண்ணி முடித்தபோது மச்சானுக்கு விழுந்திருந்தது ஒரே ஓட்டு. (நான் போட்டது.) மீதியெல்லாம் எனக்கு. மைக்கைக் கையில் திணித்தார்கள். என் நன்றியுரை முழுவதும் இதுதான்: "எல்லாரும் மோர் குடிச்சிட்டீங்களா?"

மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போனால், செல்வி வாசலை மறித்து நிற்கிறாள். நான் தரையைப் பார்த்தேன். பின்னாலேயே மச்சான் வந்தார்.

"உள்ள வுடும்மா. எனுக்கு வுழுந்த ஒத்த ஓட்டே இவன் போட்டதுதான்."

செல்வி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உன் ஓட்டு எங்கண்ணே போச்சு?"

மச்சான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார். "எல்லாரும் இவன்தான் வருவான்னாங்க. நான் மட்டும் என் ஓட்ட வேஸ்ட் பண்ணணுமா?"

அவள் சிரித்த சிரிப்பில் வாசல் வழிவிட்டது. நானும் மச்சானும் உள்ளே போய்ச் சாப்பிட்டோம். இப்போதும் எங்கள் வீட்டில் மச்சானிடம் இட்லியா தோசையா என்று யாரும் கேட்பதில்லை. "அண்ணே, தோச ஜெயிக்கும் போல கீது" என்பாள் செல்வி. அவர் உடனே தட்டை நீட்டிவிடுவார்.